தேனுக்குள் கரும்பு

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், வடக்கனந்தல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மாணவர் பேரவையில் கேட்டதும் கவிதை நோட்டோடு ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. காதல், நட்பு, அம்மா மூன்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கார்பனைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல்காரனுக்குக் கார்பன் என்றால் ஸ்டீலில் எத்தனை சதவீதம் என்பதோடு சரி, இவன் எங்கே போகிறான் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுத்து வாருங்கள்.

முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில் அணு எடைகளை மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16 என்று ஒழுங்காக வந்த வரிசையில் குளோரின் மட்டும் 35.5 என்று நிற்கும். அதென்ன அரை? எங்கள் சார் ஒரு கணக்குச் சொன்னார். நாலு பையன்கள். மூன்று பேர் 35 கிலோ, ஒருவன் 37 கிலோ. சராசரி 35.5. ஆனால் 35.5 கிலோ பையன் என்று அங்கே ஒருத்தனும் கிடையாது! குளோரினும் அப்படித்தான். நூற்றுக்குச் சுமார் 76 அணுக்கள் 35 எடை, மீதி 24 அணுக்கள் 37 எடை. எல்லாவற்றிலும் புரோட்டான் 17 தான். நியூட்ரானில்தான் இரண்டு வித்தியாசம்.

தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பதற்குத்தான் ஐசோடோப் என்று பெயர். 1913ல் ஃபிரெடரிக் சாடி என்ற விஞ்ஞானி இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற பெண் டாக்டர். கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' என்று அர்த்தமாம். நம் ஊரில் ஒரே திண்ணையில் அண்ணன் தம்பி உட்கார்ந்திருக்கிற மாதிரி. 1919ல் ஆஸ்டன் என்பவர் எடை வாரியாக அணுக்களைப் பிரித்துக் காட்டும் கருவி செய்தார். 1922ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரைக்கும் பரீட்சைக்குப் படித்ததுதான். அதற்கு அப்புறம் தெரிந்துகொண்ட ஒரு விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. குளோரினோ கார்பனோ, அந்தக் கலவை விகிதம் உலகம் முழுக்க ஒரே மாதிரி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அப்படி இல்லை. அணு எடைகளை முடிவு செய்கிற உலக அமைப்பு 2010 டிசம்பரில் வெளியிட்ட பட்டியலில் பத்துத் தனிமங்களுக்கு ஒரே எண் போடுவதை விட்டுவிட்டு 'இதிலிருந்து இதுவரை' என்று போட்டது. கார்பனுக்கு 12.0096 முதல் 12.0116 வரை. குளோரினுக்கு 35.446 முதல் 35.457 வரை. ஏன் என்றால், எங்கே எடுத்த கார்பன், எதிலிருந்து எடுத்த கார்பன் என்பதைப் பொறுத்து எடை கொஞ்சம் மாறுகிறது. அதாவது கார்பனைப் பார்த்து, "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்கலாம். அது பதில் சொல்லும்.

ஐசோடோப் என்றதும் கல்பாக்கம், யுரேனியம் 235 என்று பயந்துவிடாதீர்கள். கீழடியில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019ல் சொன்னார்களே, அது கார்பன் 14. அது சிதைந்துகொண்டே போகும், அதனால் வயதைச் சொல்லும். நான் சொல்லப்போவது கார்பன் 13. அது கதிர் வீசாது, சிதையாது, சும்மா இருக்கும். நூறு கார்பன் அணுவை எடுத்தால் சுமார் ஒன்று 13, மீதியெல்லாம் 12. ஒரு நியூட்ரான் கூடுதலாக இருப்பதால் கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த மந்தத்தில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. மழையில்கூட அப்படித்தான். கனமான ஆக்சிஜன் உள்ள தண்ணீர் மேகத்திலிருந்து முதலில் விழுந்துவிடும், போகப்போக லேசான தண்ணீர் மிஞ்சும். தமிழ்நாட்டில் ஐப்பசி மழைத் தண்ணீர் தென்மேற்குப் பருவ மழைத் தண்ணீரைவிட லேசானது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். கோமுகி அணையில் நிற்பதெல்லாம் ஒரே தண்ணீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். வடக்கனந்தல் கல்வராயன் மலை அடிவாரம். பக்கத்திலேயே கச்சிராயபாளையம். அங்கே கள்ளக்குறிச்சி 2வது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதனால் எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் கரும்பு. என் அப்பா கரும்பு வெட்டும் ஆள். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த கொல்லையில் விடிவதற்கு முன்னாடியே போய் நிற்பார். சோகை அறுத்து அறுத்து அவர் கையில் ரேகையே சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "என்னாடா படிக்கிற?" என்று அப்பா எப்போதாவது கேட்பார். லேத்து, மில்லிங் என்று சொன்னால் அவருக்குப் புரியும். ஒருநாள் கரும்பைப் பற்றிப் படித்தேன் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கரும்புல நீ என்னாத்தப் படிச்ச?"

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எல்லாச் செடியும் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் சர்க்கரை செய்கிறது. நெல், புளி, வேம்பு, மலையில் இருக்கிற மரங்கள் எல்லாவற்றிலும் ருபிஸ்கோ என்ற என்சைம்தான் அந்த வேலையைச் செய்யும். அது கொஞ்சம் பொறுக்கி எடுக்கிற குணம் உள்ளது. சந்தையில் என் அம்மா தக்காளி பொறுக்குவது போல. கூடையில் இருப்பதைக் கிளறி, கார்பன் 12 உள்ளதை விருப்பமாக எடுத்து, 13 உள்ளதைக் கொஞ்சம் தள்ளிவிடும். இவை சி-3 செடிகள்.

கரும்பு வேறு ஜாதி. அது காற்றை வேறொரு என்சைமால் முதலில் பிடித்து, இலைக்குள்ளே உள் அறை ஒன்றில் கொண்டுபோய்ப் பூட்டிவிடும். ருபிஸ்கோ அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும். கட்டிக்கொடுத்த பைக்குள் பொறுக்க முடியுமா? உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கரும்பில் கார்பன் 13 கூடுதலாகத் தங்கிவிடுகிறது. கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், சாமை, தினை எல்லாம் இந்தக் கட்சிதான். சி-4 செடிகள். இந்த வழியைக் கண்டுபிடித்ததே கரும்பை வைத்துத்தான் தெரியுமா? ஹவாய் தீவில் கரும்புத் தோட்டக்காரர்களுடைய ஆய்வுக்கூடத்தில் முதலில் கவனித்தார்கள். 1966ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹேட்ச், ஸ்லாக் என்ற இரண்டு பேர் முழு வழியையும் விளக்கினார்கள். நம் அப்பாக்கள் வெட்டுகிற அதே கரும்பு!

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கு. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவில் கிடைத்த ஒரு பழைய கடல் பிராணியின் படிமத்தை 'ஜீரோ' என்று வைத்துக்கொண்டார்கள். எடுத்து எடுத்து அளந்து அந்தப் படிமமே தீர்ந்துபோய், இப்போது அதற்கு ஈடான வேறு கல்லை வைத்திருக்கிறார்கள் என்பது கிளைக்கதை. அந்த ஜீரோவோடு ஒப்பிட்டால் சி-3 செடிகள் சுமார் மைனஸ் 27. சி-4 செடிகள் சுமார் மைனஸ் 13. ஆயிரத்தில் பதினாலு வித்தியாசம். நம் நாக்குக்குத் தெரியாது. கரும்பில் இருக்கிற சுக்ரோஸும் பழத்தில் இருக்கிற சுக்ரோஸும் மூலக்கூறாகப் பார்த்தால் அதே இனிப்புத்தான். எந்தச் செடியில் பிறந்தது என்பது மட்டும் அழியாமல் நிற்கிறது.

சாப்பிட்டவனுடைய உடம்பிலும் நிற்கும். இதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த மாதம் சாப்பிட்ட சாப்பாட்டின் கார்பன் அந்த ஒரு சென்டிமீட்டரில் பதிந்துவிடும். எலும்பில் பல வருஷக் கணக்கு இருக்கும். என் பாட்டி கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சாப்பிட்டு வளர்ந்தவர். நெல்லுச் சோறு பொங்கல், தீபாவளிக்குத்தான் என்பார். நான் ரேஷன் அரிசியில் வளர்ந்தவன். ஆகவே பாட்டி சி-4, நான் சி-3! ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு. ஆனால் இரண்டு பேரையும் கருவியில் வைத்தால் வேறு வேறு ஊர் ஜனங்கள் என்றுதான் சொல்லும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "களி தின்னது எலும்புல இருக்குதுன்னு சொல்லத்தான் அம்மாம் பணங் கட்டிப் படிக்கிறியா? அது எனக்கே தெரியுமே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

அப்பா மட்டும் வேறு மாதிரி கேட்டார். "கரும்பு எங்க கலந்தாலும் கண்டுபுடிச்சிடலாமா?"

கண்டுபிடிக்கலாம். அதற்குத்தான் தேன் கதை.

எங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் வெள்ளிமலை. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெரியவர்கள் தேன், கடுக்காய், புளி என்று கொண்டுவந்து கீழே விற்பார்கள். பழைய பாட்டில்களில் ஊற்றி, வாயில் துணியோ தக்கையோ அடைத்திருக்கும். ஒரு ஐப்பசி மாதம், பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் அப்படி உட்கார்ந்திருந்தார். காரில் வந்த ஒருவர் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதில் தேனை ஒரு சொட்டு விட்டார். சொட்டு அடியில் போய் உருண்டையாக நிற்கவில்லை, கலங்கிவிட்டது. "வெல்லப் பாகு ஊத்தியிருக்க. மலைக்காரங்கன்னா ஏமாத்த மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிப் போனார். பெரியவர், "மழைத் தேனுங்கய்யா, தண்ணியாத்தான் இருக்கும்" என்று சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. சுற்றி நின்ற நாலு பேரும் வாங்காமல் நகர்ந்துவிட்டார்கள்.

எனக்கு அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. ஏனென்றால் பெரியவர் சொன்னது சரி. காட்டுத் தேனில், அதிலும் மழைக்காலத்தில் எடுத்ததில், ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேலேயே இருக்கும். அது தண்ணீரில் சீக்கிரம் கரையும். தீக்குச்சியை நனைத்து உரசினால் பற்றாது. பேப்பரில் விட்டால் ஊறும். நன்றாகக் காய்ச்சிய கெட்டிப் பாகோ அடியில் போய் அழகாக நிற்கும், பேப்பரில் ஊறாது! நாம் ஊர் ஊராகச் செய்கிற இந்தச் சோதனைகள் எல்லாம் ஈரத்தையும் கெட்டியையும்தான் பார்க்கின்றன. தேனையே பார்ப்பதில்லை. நாய் நக்காது, எறும்பு மொய்க்காது என்பதெல்லாம் அதைவிட மோசம். எறும்புக்கு இனிப்பு என்றால் இனிப்பு. இந்தச் சோதனையில் நல்ல தேன்காரன் தோற்பான், கெட்டிக்கார பாகுக்காரன் ஜெயிப்பான்.

இப்போது கார்பனைக் கேட்போம். தேனீ போய் உட்காருகிற பூக்கள் பெரும்பாலும் சி-3 செடிகளுடையவை. அதனால் சுத்தமான தேன் சுமார் மைனஸ் 25 இருக்கும். கரும்புச் சர்க்கரை சுமார் மைனஸ் 11. 1970களில் அமெரிக்காவில் மக்காச்சோளப் பாகைத் தேனில் கலக்க ஆரம்பித்தபோது அங்குள்ள வேளாண் துறை விஞ்ஞானிகள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மக்காச்சோளமும் சி-4 தானே. தேனைக் கொஞ்சம் எரித்துக் கார்பன் டை ஆக்சைடு ஆக்குவார்கள். அதை மின்னூட்டம் செய்து காந்தத்துக்குள் வளைத்து ஓட்டுவார்கள். 44 எடையுள்ளது சீக்கிரம் வளையும், 45 எடையுள்ளது கொஞ்சம் வெளியே இழுத்துக்கொண்டு போகும். வெள்ளிமலை ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் காலி வண்டி சுலபமாகத் திரும்பும், லோடு வண்டி வெளியே இழுக்கும் பாருங்கள், அது மாதிரி. இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் விகிதம் கிடைக்கும். ஆஸ்டன் செய்த கருவியின் பேரன்தான் இது.

ஆனால் எந்தக் காட்டுத் தேனாக இருந்தாலும் சரியாக மைனஸ் 25 இருக்குமா? இருக்காது. பூவுக்குப் பூ ஒன்றிரண்டு கூடும், குறையும். அப்புறம் எப்படிக் குற்றம் சாட்டுவது? இங்கேதான் அந்த விஞ்ஞானிகள் ஒரு அருமையான வேலை செய்தார்கள். தேனில் கொஞ்சம் புரதம் இருக்கிறது. பாகு ஊற்றுபவன் சர்க்கரையைத்தான் ஊற்றுவான், புரதத்தை ஊற்றமாட்டான். ஆகவே அந்தப் புரதத்தைத் தனியே எடுத்து அளந்தால், கலப்படத்துக்கு முன்னால் அந்தத் தேன் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். புரதத்துக்கும் முழுத் தேனுக்கும் வித்தியாசம் 1 வந்தால் மாட்டிக்கொண்டான். கணக்கைப் பாருங்கள். தேனுக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் இடைவெளி சுமார் 14. அதில் 1 என்றால் பதினாலில் ஒரு பங்கு, அதாவது 7 சதவீதம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலும் சி-4 சர்க்கரைக்கு அந்த 7 சதவீதம்தான் எல்லை. சாட்சியை வெளியில் தேட வேண்டாம், தேனுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. கரும்பு ஜூஸ் வண்டியில் தேனீ மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம். தேனீயே அந்தச் சாற்றை உறிஞ்சிக் கூட்டில் சேர்த்தால்? கருவி அதையும் கலப்படம் என்றுதான் சொல்லும். அடிவாரத்துத் தேனுக்கு இந்த ஆபத்து உண்டு. கரும்பு இல்லாத மலைக்காட்டுக்குள் எடுக்கிற தேனுக்கு அது குறைவு. அதனால் பெரியவர் தேனுக்கு இந்தச் சோதனை நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "கரும்பு ஊத்துனா மாட்டிக்குவான். அரிசியில பாகு காய்ச்சி ஊத்துனா?"

பள்ளிக்கூடமே போகாதவர் கேட்ட கேள்வி இது! அரிசி சி-3. தேனும் சி-3. கார்பனால் பிரிக்க முடியாது. நடந்ததும் அதுதான். 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்ட் தேன்களில் 22 மாதிரிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. நம் நாட்டு விதிப்படியான சோதனைகளில் பெரும்பாலான பிராண்டுகள் தேறிவிட்டன. ஜெர்மனிக்கு அனுப்பி என்.எம்.ஆர். என்ற இன்னொரு முறையிலும் பார்த்தபோது, எல்லாச் சோதனையிலும் தேறியவை 22ல் 5 மாதிரிகள் மட்டும்தான். பழைய சோதனைகளில் மாட்டாத மாதிரியே அரிசி முதலியவற்றிலிருந்து பாகு தயாரித்து விற்கிறார்கள் என்று அந்த மையம் சொன்னது. கம்பெனிகள் மறுத்தன. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். டம்ளர் தண்ணீரில் தோற்றுப்போனது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த பெரியவர். கடையில் லேபிள் ஒட்டி, சீல் வைத்து நிற்கிற பாட்டிலை யாராவது டம்ளரில் விட்டுப் பார்க்கிறோமா?

அந்தப் பெரியவரை மறுபடியும் தை மாதம் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முடிந்தவரை விளக்கினேன். புரோட்டான், நியூட்ரான் எல்லாம் விட்டுவிட்டேன். "தாத்தா, உங்க தேன்ல கரும்புப் பாகு இல்லன்னு தேனே சொல்லும், அதுக்கு மெஷின் இருக்கு" என்றேன்.

"எங்க இருக்கு தம்பி, கள்ளக்குறிச்சிலயா?"

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரிக் கருவி இருக்கிறது, குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில் தேனுக்கென்றே சோதனைக்கூடம் இருக்கிறது என்றேன். சிரித்தார். "தேன் அங்க போயி சாட்சி சொல்லிட்டு வர்றதுக்குள்ள இங்க சீசன் முடிஞ்சிடும்."

கிளம்பும்போது ஒரு சின்ன மருந்து பாட்டிலில் கொஞ்சம் தேன் ஊற்றி என் கையில் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "நீ படிக்கிற புள்ள. எப்பனா அந்தப் பக்கம் போனா பாத்துட்டு வந்து சொல்லு. எனக்குத் தெரியும். ஆனா எழுதிக் குடுத்தா அந்த மாதிரி ஆளுக்குக் காட்டலாம்ல?"

பாட்டில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மேலே பேப்பர் ஒட்டி ஊர், மாதம், 'மலைத்தேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். புரதம் பிரித்துப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு கிராம் தேன் இருந்தால் போதுமாம், அதற்கு மேலேயே இருக்கிறது. இந்த மலரைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அண்ணனோ அக்காவோ தெரிந்தவர்களோ அந்த மாதிரி ஆய்வுக்கூடத்தில் இருந்தால், மெக்கானிக்கல் மூன்றாமாண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். ஏப்ரல் பரீட்சை வரைக்கும் நான் அங்கேதான் இருப்பேன்.